விசிறி ஒலியும் மூவகை அனுமானமும்

விமான எஞ்சினின் முகப்பில் சுழலும் பெரிய விசிறி இரண்டு வகையாக ஒலிக்கிறது. ஒன்று, சுருதி சேர்ந்த சீழ்க்கை. விமானம் தரையிறங்க வரும்போது முன்புறமிருந்து கேட்பது. மற்றொன்று, சுருதி எதுவும் பிடிபடாத இரைச்சல்; அருவியும் பெருமழையும் எழுப்புவது போன்றது. முதல் வகையைப் பெருக்கல் கணக்காகவே சொல்லிவிடலாம். போயிங் 737 விமானங்களில் பரவலாக உள்ள சிஎஃப்எம்56-7பி எஞ்சினின் விசிறியில் 24 பிளேடுகள் உண்டு. அது நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் நொடிக்கு 50 சுற்று. விசிறியைச் சூழ்ந்த உறையின் ஓரிடத்தை நொடிக்கு 1,200 பிளேடுகள் கடக்கும். ஆகவே 1,200 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒலி எழ வேண்டும். எஞ்சினை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காமல் இவ்வளவையும் சொல்லலாம். இரண்டாம் வகைக்கு இப்படி ஒரு கணக்கு இல்லை. அடுத்த நொடியில் அந்த இரைச்சலின் அலை என்ன வடிவம் எடுக்கும் என்று எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது. நீண்ட நேரத்துச் சராசரியில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை இருக்கும் என்பது வரைதான் சொல்ல முடியும்.

இரண்டையும் ஒரே பொருளில் 'அறிந்தோம்' என்று சொல்லலாமா? முன்கூட்டிச் சொல்வதும் புரிந்துகொள்வதும் ஒன்றுதானா? விமான ஒலியியல் இந்தக் கேள்விகளை எழுபது ஆண்டுகளாகச் சந்தித்து வருகிறது. ஆனால் ஒலி என்பது என்ன, அதை எதைக் கொண்டு அறிகிறோம் என்ற வாதம் தமிழ்நாட்டில் மிகப் பழையது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்த வாதத்தின் சாட்சிகள் பாறைகளிலேயே கிடக்கின்றன. ஒலியைப் பருப்பொருள் என்று கொண்ட சமணர்களின் குடைவரை சித்தன்னவாசலில் இருக்கிறது. சுவரங்களை எழுத்தாக்கிப் பாறையில் வெட்டிய கல்வெட்டு குடுமியான்மலையில் இருக்கிறது. சுருதி நிலையாத தோற்கருவி ஒன்றைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மரபும் இந்த மண்ணுடையது.

ஒலியின் இயல்பு பற்றி இந்தியத் தரிசனங்கள் ஒத்துப்போகவில்லை. வைசேடிகரும் நையாயிகரும் ஒலியை ஆகாயத்தின் குணம் என்றனர். நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றின் குணங்கள் வேறு புலன்களுக்கும் எட்டுகின்றன, செவிக்கு மட்டுமே எட்டும் குணத்துக்கு வேறோர் இடம் வேண்டும் என்று விலக்கி விலக்கி அந்த முடிவுக்கு வந்தனர். ஒலி மூன்று வழியாகப் பிறக்கிறது என்பதும் அவர்கள் கூற்று: கோல் முரசில் படுவதுபோல் சேர்க்கையால், மூங்கில் பிளப்பதுபோல் பிரிவால், பிறகு ஒலியிலிருந்தே ஒலியாக. அது செவிக்கு வந்து சேர்வதை விளக்க இரண்டு உவமைகள் கூறினர். நீரில் விரியும் அலைவட்டம் ஒன்று. எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் விரியும் கடம்ப மொட்டு மற்றொன்று. இரண்டாவது உவமை முப்பரிமாண அலைக்கு இன்றும் பொருந்துகிறது.

மீமாம்சகர் இதை மறுத்தனர். எழுத்தொலி என்றும் உள்ளது, பிறப்பதில்லை, வெளிப்பட மட்டும் செய்கிறது என்பது அவர்கள் நிலை. வேதம் ஆக்கியோன் இல்லாதது என்று நிறுவ அவர்களுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் அந்த வெளிப்பாடு நிகழும் விதத்தை விளக்கும்போது, கிளர்ந்த காற்று அசையாத காற்றில் மோதிச் சேர்க்கையும் பிரிவுமாக எல்லாப் பக்கமும் பரவி, வேகம் உள்ளவரை சென்று செவியைத் தொடுகிறது என்று சபர பாடியம் சொல்கிறது. நித்தியக் கொள்கைக்காக வாதிட்டவர்களின் கையில்தான் இன்றைய இயற்பியலுக்கு நெருங்கிய விளக்கம் அமைந்தது என்பது கவனிக்கத் தக்கது.

சமணம் மூன்றாவது வழியைக் கொண்டது. ஒலி புற்கலத்தின், அதாவது பருப்பொருளின், ஒரு நிலை என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. சுவரால் தடைபடுகிறது, எதிரொலித்துத் திரும்புகிறது, பேரொலி காதைத் தாக்குகிறது. தடைபடுவதும் தாக்குவதும் பொருளுக்கே உரியவை என்பது சமணரின் வாதம். சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் கருவறையில் நின்று அடித்தொண்டையில் முனகினால், குறிப்பிட்ட ஒரு சுருதியில் அறை முழுவதும் அதிர்வதைக் கேட்கலாம். சுருதி சற்று மாறினாலும் அந்த முழக்கம் அடங்கிவிடும். மூடிய வெளி தன் அளவுக்கு இசைந்த ஒலிக்கோலங்களை மட்டும் வளர்த்து மற்றவற்றை விட்டுவிடுகிறது. எஞ்சினின் உறைக்குள்ளும் இதே விதிதான் விசிறியின் சீழ்க்கை வெளியே வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது.

பிறப்பா, வெளிப்பாடா என்ற பழைய வழக்கு 1952இல் வேறு உடையில் திரும்பி வந்தது. அந்த ஆண்டு ஜேம்ஸ் லைட்ஹில் பாய்மங்களின் இயக்கச் சமன்பாடுகளை மாற்றி அடுக்கி எழுதினார். இடப்பக்கத்தில் அசையாத, ஒரே சீரான காற்றில் செல்லும் அலையை வைத்தார். எஞ்சிய அனைத்தையும் வலப்பக்கத்துக்குத் தள்ளி, அதற்கு ஒலிமூலம் என்று பெயரிட்டார். எதுவும் விடப்படவில்லை, எதுவும் தோராயமில்லை. ஆனால் 'மூலம்' என்று பெயர்பெற்றது இயற்கையில் தனியே நிற்கும் ஒரு பொருளன்று. அசையாத காற்றை அளவுகோலாகக் கொண்டதால் பிரிந்து நின்ற மிச்சம் அது. அளவுகோலை மாற்றினால் மூலமும் மாறும். ஒலி எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கு, பார்ப்பவன் வகுத்துக்கொண்ட எல்லையைப் பொறுத்து விடை மாறுகிறது. அதனால் கோட்பாடு பயனற்றுப் போகவில்லை. எஞ்சினின் பின்னால் பீறிடும் தாரையின் ஒலிவலிமை அதன் வேகத்தினுடைய எட்டாம் படியாக உயரும் என்ற முடிவு அதிலிருந்தே பிறந்தது. வேகத்தைப் பாதியாக்கினால் ஒலியாற்றல் 256இல் ஒரு பங்காகிறது, அதாவது 24 டெசிபல் குறைகிறது. மெதுவாகப் பாயும் பெருங்காற்றை எஞ்சினைச் சுற்றி ஓடவிடும் பெரிய விசிறிகள் இந்த வழியில்தான் ஓசையடக்கின. தாரை அடங்கியதும் அதுவரை மறைந்திருந்த விசிறியின் குரல் மேலெழுந்தது.

இந்தக் குரலை அறியும் வழிகளைப் பிரித்துப் பார்க்க மணிமேகலை உதவுகிறது. சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி அனுமானத்தை முதல், எச்சம், பொது என மூன்றாக வகுக்கிறான். கருக்கொண்ட முகிலைப் பார்த்து மழை வரும் என்பது முதல். ஆற்றில் வெள்ளத்தைப் பார்த்து மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது என்பது எச்சம். காட்டில் யானையின் ஒலி கேட்டு அங்கே யானை உண்டு என்பது பொது. காரணத்திலிருந்து காரியத்துக்கு, காரியத்திலிருந்து காரணத்துக்கு, அடையாளத்திலிருந்து அதற்கு உரியதற்கு என்று மூன்று நடைகள். விசிறி ஒலியை ஆராய்கிறவர்கள் மூன்றையும் ஆள்கிறார்கள். அவற்றைக் குழப்பிக்கொள்ளும்போதெல்லாம் தவறியும் இருக்கிறார்கள்.

முகில் கண்டு மழை சொல்வதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு 1962இல் டைலர், சோஃப்ரின் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு. சுழலும் பிளேடுகளுக்குப் பின்னால், சுழற்சியை நிமிர்த்திக் காற்றை நேராக்க அசையாத தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பிளேடும் தன் பின்னே இழுத்துவரும் காற்றுச்சுவடு அந்தத் தகடுகளில் மோதும்போது ஒலி பிறக்கிறது. பிளேடுகள் 18, தகடுகள் 20 என்று கொள்ளலாம். பிளேடுகளுக்கிடையே 20 பாகை, தகடுகளுக்கிடையே 18 பாகை. ஒரு பிளேடு ஒரு தகட்டுக்கு நேராக நிற்கும் கணத்தில், அதற்குப் பின்னால் வரும் பிளேடு தன் தகட்டுக்கு நேராக வர இன்னும் 2 பாகை பாக்கி. விசிறி 2 பாகை சுழல்வதற்குள் சந்திப்பு நிகழும் இடம் 18 பாகை பின்னோக்கி நகர்ந்துவிடுகிறது. விசிறியைப்போல் ஒன்பது மடங்கு வேகத்தில், எதிர்த்திசையில், இரண்டு முனைகள் கொண்ட அழுத்தக் கோலம் ஒன்று சுழல்கிறது. பிளேடு நுனி நொடிக்கு 300 மீட்டர் சென்றால் இந்தக் கோலம் விளிம்பில் 2,700 மீட்டர் செல்லும். ஒலியின் வேகமோ ஏறத்தாழ 340 மீட்டர். ஒலியை மிஞ்சிச் சுழலும் கோலம் உறைவழியே தடையின்றி வெளியேறும்.

தகடுகளை 42 ஆக்கினால் கதை மாறுகிறது. இப்போது கோலத்துக்கு 24 முனைகள், வேகம் விசிறியின் முக்கால் பங்கு. விளிம்பில் நொடிக்கு 225 மீட்டர். ஒலியின் வேகத்தை எட்டாததால் அது உறைக்குள் சில அங்குலம் போவதற்குள் தேய்ந்து மறைகிறது. ஒலிமூலம் அப்படியே இருக்கிறது, மோதலும் நின்றுவிடவில்லை. ஆனால் வெளியே நிற்பவருக்கு அந்தச் சுருதி இல்லை. தகடுகளின் எண்ணிக்கையைப் பிளேடுகளின் எண்ணிக்கைபோல் இரண்டு மடங்குக்கு மேல் வைப்பது இதனால்தான் வழக்கமாயிற்று. இது முழு விடுதலையும் அன்று. இரண்டாம் மடங்கு அதிர்வெண்ணில் கோலத்துக்கு 6 முனைகள், வேகம் ஆறு மடங்கு. அது வெளியே வந்துவிடும்.

எண்ணிக்கையை மாற்றியதும் ஒலி மறையும் என்று சொன்னது பலித்தது. ஏன் மறையும் என்பதும் தெரிந்தது. கணிப்பும் புரிதலும் இங்கே ஒன்றாக நிற்கின்றன. எல்லா இடத்திலும் இப்படி அமைவதில்லை.

1970களில் எஞ்சின்களைத் தரையில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தபோது, மறைய வேண்டிய சுருதி மறையவில்லை. கோட்பாடு தவறு என்று எண்ண இடமிருந்தது. காரணம் வேறாக இருந்தது. தரையில் நிற்கும் எஞ்சின் எல்லாப் பக்கத்துக் காற்றையும் இழுத்து உறிஞ்சுகிறது. சுற்றுக்காற்றில் உள்ள சுழல்கள் அந்த இழுப்பில் நீண்ட கயிறுகளாகத் திரிந்து விசிறிக்குள் நுழைகின்றன. ஒரே கயிற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பல பிளேடுகள் வெட்டும்போது சுருதி உண்டாகிறது. வானில் பறக்கும் எஞ்சினுக்குக் காற்று முன்னிருந்தே சீராக வருகிறது, கயிறுகள் திரிவதில்லை, அந்தச் சுருதியும் இல்லை. பிறகு சோதனைக் களங்களில் எஞ்சினின் வாயைச் சுற்றித் தேன்கூட்டு அமைப்புள்ள பெரிய கோளவடிவக் கூண்டு பொருத்திச் சுழல்களை அடக்கினார்கள்.

தருக்க நூல்கள் இந்தத் தவறுக்கு உபாதி என்று பெயர் வைத்திருக்கின்றன. நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்பது பொய். பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகையை உண்டாக்குவது நெருப்போடு சேர்ந்த ஈர விறகு, அதுவே உபாதி. விசிறி சுழலும் இடமெல்லாம் இந்தச் சுருதி எழும் என்று கொண்டதில் மறைந்திருந்த ஈர விறகு, எஞ்சின் அசையாமல் நின்றதுதான். அளவுக்கருவி பொய் சொல்லவில்லை, காதும் பொய் சொல்லவில்லை. காண்பதற்காக ஏற்படுத்திய நிலைமையே காணப்படும் பொருளில் ஒரு பகுதியை உண்டாக்கிவிட்டது. காட்சி அளவையையே முழு ஆதாரமாகக் கொள்பவர்களுக்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை கிடைப்பது அரிது.

விமானம் மேலெழும்போது வேறொரு ஒலி தோன்றுகிறது. முன்வரிசையில் அமர்ந்த பயணிகள் மரம் அறுக்கும் வட்டரம்பம்போல் கரகரப்பதைக் கேட்டிருப்பார்கள். முழு வேகத்தில் பிளேடு நுனிகள் ஒலியை மிஞ்சிச் செல்கின்றன. ஒவ்வொரு நுனியின் முன்னும் அதிர்ச்சி அலை ஒன்று நிற்கிறது. பிளேடுகள் யாவும் அணுவளவும் வேறுபடாமல் இருந்தால் அலைகளும் சமமாக நின்று, பிளேடு கடக்கும் அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும் மட்டுமே கேட்கும். உண்மையில் எந்த இரண்டு பிளேடும் ஒன்றல்ல. பொருத்திய கோணத்தில் ஒரு பாகையின் சிறு பின்னம் மாறினாலும் ஓர் அலை சற்று வலுத்துவிடும். வலுத்த அலை வேகமாக ஓடி முன்னதை நெருங்கும். உறைவழியே செல்லச் செல்ல ஒழுங்கு கலைந்து, ஒரு சுற்றுக்கு ஒருமுறை மீளும் ஒழுங்கு மட்டும் எஞ்சுகிறது. சுழற்சி அதிர்வெண்ணின் எல்லா மடங்குகளும் ஒலிக்கத் தொடங்குகின்றன. எந்த மடங்கு ஓங்கும் என்பது அந்த எஞ்சினில் அந்தப் பிளேடுகள் அடுக்கப்பட்ட வரிசையைப் பொறுத்தது.

வரைபடம் ஒன்றே, தொழிற்சாலை ஒன்றே, ஆனாலும் ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனிக்குரல். வைசேடிக தரிசனத்துக்குப் பெயர் கொடுத்த விசேடம் என்ற பதார்த்தம் இங்கே நினைவுக்கு வரும். மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருக்கும் இரண்டு அணுக்களை இது வேறு, அது வேறு என்று பிரிப்பது அது. அணுக்கள் முதலிய நித்திய திரவியங்களுக்கே அவர்கள் அதைக் கூறினர் என்பதால் எஞ்சினுக்கு அப்படியே பொருத்துவது முறையன்று. எனினும் கேள்வி ஒன்றுதான். பொதுவிதி முழுவதும் தெரிந்த பிறகும் இந்த ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல எது மிச்சமாகிறது? இங்கே மிச்சமாவது 24 பிளேடுகளின் கோணங்கள். அவற்றை அளந்தால் குரலைக் கணிக்கலாம், அளக்காமல் எந்தக் கோட்பாடும் கணிக்காது. கரகரப்பைக் கேட்டு எந்தப் பிளேடு பிறழ்ந்திருக்கிறது என்று பின்னோக்கிச் செல்வது எச்சம் என்ற அனுமானம். வெள்ளத்திலிருந்து மழைக்குப் போவதைப்போல் அதுவும் கடினமானது. ஒரே வெள்ளத்தைப் பல மழைகள் தந்திருக்கலாம் அல்லவா?

சுருதியற்ற இரைச்சலில் அறிவின் தன்மையே மாறுகிறது. பிளேடின் பரப்பை ஒட்டி ஓடும் காற்று கொந்தளித்துப் பின்விளிம்பில் உதறப்படும்போதும், சுவடுகளின் கொந்தளிப்பு தகடுகளின் முன்விளிம்பில் மோதும்போதும், நுனிக்கும் உறைக்கும் இடையிலுள்ள சந்தில் காற்று பிதுங்கும்போதும் இந்த இரைச்சல் எழுகிறது. கொந்தளிப்பில் மிகச்சிறிய வேறுபாடும் கணத்தில் பெருகிவிடும். ஆகவே தனித்தனி நிகழ்வை முன்சொல்வது கைவிடப்பட்டது. 1975இல் ராய் அமியட் முன்வைத்த கோட்பாடு கொந்தளிப்பின் சராசரிக் குணங்களை, அதாவது அதன் தீவிரத்தையும் சுழல்களின் சராசரி அளவையும் வாங்கிக்கொண்டு ஒலியின் சராசரி வலிமையைத் தருகிறது. எந்தச் சுழல், எந்தக் கணம் என்று அது கேட்பதேயில்லை.

இது அறிவா, அறியாமையின் ஒழுங்கான வடிவமா? இரைச்சலுக்குள் எந்தத் துளியும் தன்னளவில் காரணமின்றி எழவில்லை. காற்றின் இயக்கச் சமன்பாடுகள் ஒவ்வொரு துளியையும் ஆள்கின்றன. அறிய முடியாமை பொருளில் இல்லை, அறிபவனின் அளவீட்டு எல்லையில் இருக்கிறது என்று ஒரு கட்சி சொல்லலாம். ஆனால் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் சில சுழற்சிகளுக்குள் கணிப்பு கலைந்துபோகும் என்றால், அந்த எல்லையை அளவீட்டின் குறை என்று மட்டும் சொல்லித் தீர்த்துவிட முடியாது. சராசரியை அறிவது தனி நிகழ்வை அறிவதன் மங்கலான நகல் அன்று, வேறொரு பொருளை அறிவது என்று கொள்வதே பொருத்தமாகத் தெரிகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து வானம் பார்த்த பூமியில் கண்மாய் வெட்டியவர்கள் எந்த நாளில் மழை வரும் என்று அறிந்து வெட்டவில்லை. மழை பெய்யும் விதத்தை அறிந்து கரையின் உயரத்தையும் கலிங்கின் மட்டத்தையும் வைத்தார்கள். அது குறைந்த அறிவு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நேர் எதிரான நிலை குடுமியான்மலையில் இருக்கிறது. மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறைச்சரிவில் உள்ள இசைக் கல்வெட்டு 1904இல் கண்டறியப்பட்டது. பி.ஆர். பண்டார்க்கர் அதை எபிகிராஃபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் பதிப்பித்தார். கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, மத்யமகிராமம் முதல் கைசிகம் வரை ஏழு பண்முறைகளுக்குரிய சுவரங்கள் நான்கு நான்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. உருத்திராசாரியாரின் மாணவனும் பரம மாகேசுவரனுமான ஓர் அரசன் மாணவர் நலனுக்காக இதைச் செய்ததாக முடிவுரை கூறுகிறது. கடைசி வரி தமிழில் எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்று சொல்கிறது. அந்த அரசன் முதலாம் மகேந்திரவர்மன் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அறிஞர் பலர் அதை ஏற்பதில்லை.

இந்தக் கல்வெட்டில் ஒவ்வொரு சுவரமும் நான்கு உயிர்களோடு வருகிறது: ச, சி, சு, செ, ர, ரி, ரு, ரெ. இவை நுண்சுருதி வேறுபாடுகளா, வீணைக் கம்பியில் விரல் இயங்கும் முறைகளா என்பதில் இசையறிஞர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. எழுத்து வரிசை கிடைத்தாலும் அது எப்படி ஒலித்தது என்பது கைக்கு வரவில்லை. எஞ்சின் இரைச்சலில் பொறிமுறை தெரிகிறது, வரிசை தெரியவில்லை. கல்வெட்டில் வரிசை தெரிகிறது, ஒலி தெரியவில்லை. எழுதிவைக்க இசைந்த பகுதி ஒழுங்குடைய பகுதி மட்டுமே. ஒழுங்கை எழுதியதாலேயே ஒலியை எழுதியதாகிவிடாது. வெட்டியவர்களுக்கு இது தெரியாமலிருந்திருக்காது. ஆசிரியரின் குரல் அருகிலிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் மாணவருக்காகக் கல்லில் எழுதினார்கள். சைவ சித்தாந்தம் செவியில் விழும் வைகரி வாக்கை நால்வகை வாக்குகளில் மிகப் பருமையானதாக வைக்கிறது. மத்திமையும் பைசந்தியும் சூக்குமையும் அதற்குள்ளே நிற்கின்றன. சிவநெறி சார்ந்த ஓர் அரசன் எழுத்தில் ஒலி முழுவதும் அடங்கும் என்று எண்ணியிருக்க வேண்டியதில்லை.

சுவரம் எது, இரைச்சல் எது என்ற பிரிவும் ஒலியில் மட்டும் தங்கியிருக்கவில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 16ஆம் இணைப்பு 1971இல் வந்தது. அதன்படி விமானத்தின் ஓசையை மூன்று இடங்களில் அளக்கிறார்கள். ஓடத் தொடங்கிய இடத்திலிருந்து 6,500 மீட்டரில், தரையிறங்கும் முனைக்கு 2,000 மீட்டர் முன்னால், ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் 450 மீட்டரில். அளவு வெறும் டெசிபல் அன்று, மனிதக் காதின் எரிச்சலையும் கணக்கில் சேர்த்தது. அந்தக் கணக்கில் இரைச்சலினூடே தனிச்சுருதி ஒன்று துருத்தி நின்றால் அதற்கு அபராதம் உண்டு. இசையில் எந்தத் தூய்மை நாடப்படுகிறதோ, அதே தூய்மை இங்கே தண்டிக்கப்படுகிறது. ஒழுங்கான ஒலி காதைப் பிடித்து நிறுத்துகிறது. பிடித்து நிறுத்துவதை விரும்பும் இடத்தில் அது இசை, விரும்பாத இடத்தில் தொல்லை.

புதுக்கோட்டையின் தாள மரபு இந்தப் பிரிவின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. வெற்றுத் தோலின் மேலதிர்வுகள் அடிப்படையைப்போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று முழு எண்ணில் அடங்காமல் நிற்கும். அதனால் சுருதி பிடிபடாது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே ஏற்றும் கரணை அந்த மேலதிர்வுகளை முழு மடங்குகளுக்கு இழுத்துவருகிறது என்பதைத் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். கரணையைப் பூசிய கைகள் காரணத்தைச் சொல்லாமலே காரியத்தைச் சாதித்தன. உடும்புத்தோல் போர்த்திய கஞ்சிராவில் கரணையும் இல்லை, நிலையான சுருதியும் இல்லை. அதைக் கச்சேரிக்குக் கொண்டுவந்த மாமுண்டியா பிள்ளையும், அவரிடம் பயின்ற தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் புதுக்கோட்டை மரபின் தூண்கள். தோலின் ஓசை அவர்கள் கையில் காலக்கணக்கால் இசையாயிற்று. ஒழுங்கு அதிர்வெண்ணில் இல்லாவிட்டால் நேரத்தில் இருக்கலாம், அங்கும் கேட்பவரின் எதிர்பார்ப்பு அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

புரியாமலே கணிக்கும் வழி பொறியியலிலும் உண்டு. 1970களில் நாசாவின் ஹைட்மன் பல விசிறிகளின் அளவீடுகளைத் திரட்டி, வெப்பநிலை ஏற்றம், நுனிவேகம், பிளேடுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள தூரம் போன்ற சில எண்களைக் கொடுத்தால் ஒலியைத் தரும் சூத்திரங்களை அமைத்தார். அவை விமான வடிவமைப்பின் தொடக்கக் கணக்குகளில் நீண்ட காலம் உழைத்தன. காரணத்தை அவை ஆழமாகக் கேட்பதில்லை. கூடவே வருவதைக் கூடவே வரும் என்கின்றன. மணிமேகலையில் காட்சி ஒன்றையே ஏற்று அனுமானத்தைத் தள்ளும் பூதவாதியின் ஐயம் இந்த முறையைத்தான் நேராகத் தாக்கும்: இதுவரை கூடவே வந்தது இனியும் வரும் என்பதற்கு என்ன உறுதி? பழைய விசிறிகளின் எல்லைக்குள் சூத்திரம் சரியாக நிற்கும். பிளேடு வளைந்து, அகன்று, எண்ணிக்கை குறைந்து புதிய வடிவம் வந்தால் அது சறுக்கும். தாய் தந்தையரை நீ எதனால் அறிந்தாய் என்று மணிமேகலை பூதவாதியைக் கேட்பது அனுமானத்தை முற்றும் தள்ள முடியாது என்பதற்காக. அனுமானம் எப்போதும் தவறாது என்று அவள் சொல்லவில்லை. பெருந்திரள் அளவீடுகளைக் கணினிக்குப் பயிற்றி ஒலியைக் கணிக்கும் முறைக்கும் இந்த வாதம் அப்படியே பொருந்தும்.

அண்மைக்கால எஞ்சின்களில் விசிறி பெருத்து மெதுவாகச் சுழல்கிறது. ஏ320நியோ விமானங்களில் உள்ள பிராட் அண்டு விட்னி பிடபிள்யூ1100ஜி எஞ்சினில் பற்சக்கரப் பெட்டி ஒன்று விசிறியை அதைச் சுழற்றும் டர்பைனின் மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்கு இறக்குகிறது. பிளேடுகள் 20 மட்டுமே. ஏறும்போது கேட்கும் அறுப்பரம்பக் கரகரப்பு இதனால் தணிகிறது, சுருதி கீழிறங்குகிறது. உறையின் உட்சுவரில் துளைத் தகடு போர்த்திய தேன்கூட்டு அறைகள் எஞ்சிய சீழ்க்கையை உண்கின்றன. விசிறியின் ஒலியில் சுருதிகள் இப்படி ஒவ்வொன்றாக அடங்கும்போது தனித்து நிற்பது சுருதியற்ற இரைச்சல், சராசரியாக மட்டுமே கணக்கில் அகப்படும் அந்தப் பகுதி. ஆய்வகங்கள் இப்போது அதன் மீதுதான் காதை வைத்திருக்கின்றன. ஆந்தையின் இறகு விளிம்பைப் பார்த்துப் பிளேடுகளின் பின்விளிம்பை ரம்பப் பல்லாகவும், தகடுகளின் முன்விளிம்பை அலைபோலவும் வெட்டி, கொந்தளிப்பின் சராசரியையே மாற்ற முடியுமா என்று பார்க்கின்றன.